மீண்டவனின் தர்மம்

போர்மேற் சென்ற தலைவன் கார்காலம் தொடங்கும்போது திரும்பிவிடுவதாகச் சொல்லிப் பிரிவதும், சொன்ன பருவம் வந்த பின்னும் அவனைக் காணாத தலைவி நெஞ்சைத் தேற்றிக்கொண்டு வீட்டிலே இருப்பதும், வினை முடித்த அவன் தேரை விரைந்து செலுத்தும்படி பாகனை ஏவிக்கொண்டு முல்லை பூத்த காட்டுவழியே ஊர் நோக்கி வருவதும் நம் பழம்புலவர்கள் சலிக்காமல் பாடிய விஷயங்கள். பத்துப்பாட்டிலே மிகச் சிறியதான முல்லைப்பாட்டில் நப்பூதனார் 103 அடிகளுக்குள் தலைவியின் மாளிகையையும் அரசனின் பாசறையையும் அடுத்தடுத்துக் காட்டி, அவன் சேனை மீண்டு வருகிற ஆரவாரம் அவளுடைய செவி நிறைய வந்து விழும் அந்தக் கணத்திலேயே பாட்டை நிறுத்திவிடுகிறார். தேர் வாசலில் நின்றதா, அவன் இறங்கியதும் என்ன பேசினான் என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. கவிதைக்கு அதுதான் அழகு என்று ரஸிகர்கள் சொல்வார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வயது ஏற ஏற, தேரின் ஓசையைக் காட்டிலும் அதற்கு மறுநாள் காலைதான் என் மனத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதே பாட்டில் பாசறைக் கூடாரத்தில் அரசன் உறங்காமல் கிடக்கிறான்; வேல் பாய்ந்த யானைகளையும், அம்பு தைத்துத் தீனி எடுக்காமல் நிற்கும் குதிரைகளையும், தன் பொருட்டு மாண்டுபோன வீரர்களையும் எண்ணியபடி, ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி மறு கையில் தலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறான். வீட்டுக் கட்டிலிலாவது அவனுக்கு உறக்கம் வந்ததா?

காவியத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் இது எனக்குத் தோன்றுவதில்லை. எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போவது உத்தியோகம் என்பதைவிடக் குடும்ப வழக்கம் என்றே சொல்லத் தகும். வீட்டுக்கு ஒருவராவது சேனையில் இருந்த ஊர் என்று கம்மவான்பேட்டைக்கு நாடறிந்த பெயர் உண்டு. அந்த அளவுக்குப் பெயர் பெறாத ஊர்களிலும் தெருவுக்கு நாலு வீட்டில், சுவரில் சட்டமிட்ட படத்துக்குள், தொப்பியணிந்த இளைஞன் ஒருவன் சிரிக்காமல் நின்றுகொண்டிருப்பான். எங்கள் தெருக்கோடி வீட்டில் இருப்பவர் 24 ஆண்டு சேவித்து, ஹவில்தாராகத் தமது 43-ஆம் வயதில் ஓய்வு பெற்று வந்தவர். ஊரார் அவர் பெயரைச் சொல்வதில்லை. 'மிலிட்டரிக்காரர்' என்றால்தான் தெரியும்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதன் மூடியில் வெள்ளைச் சாயத்தால் ஆங்கில எழுத்தில் அவருடைய ரெஜிமெண்ட் நம்பர், பதவி, பெயர், ஊர், இறங்க வேண்டிய ஸ்டேஷன் காட்பாடி என்பது வரையில் எழுதியிருக்கும். சற்றுக் குனிந்து பார்த்தால் பதவி எழுதிய இடம் மட்டும் மேடு தட்டியிருப்பது தெரியும். சிப்பாய் என்பதன்மேல் கறுப்புப் பூசி லான்ஸ் நாயக் என்றும், அதன்மேல் மறுபடி பூசி நாயக் என்றும், கடைசியில் ஹவில்தார் என்றும் எழுதிய அடுக்குகள் அவை. நான் முதன்முதல் அதைப் பார்த்தபோது பெட்டிக்குள் குழந்தைகளின் பழைய துணிகளும் ஒரு மூட்டைப் புளியும் இருந்தன. "இதற்குமேல் என்ன எழுதுவது ஐயா?" என்று அவர் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார், எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

ஓய்வு பெற்று வந்த ஆறாம் மாதத்திலேயே அவர் நகரத்தில் ஒரு நகைக்கடை வாசலில் காவலுக்குச் சேர்ந்தார். பென்ஷன் போதாமல் போகவில்லை; வீட்டில் உட்கார முடியவில்லை என்பதுதான் காரணம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து முகம் மழித்து ஷூ துடைத்து உட்கார்ந்துவிடுவாராம். எட்டு மணிவரைக்கும் அந்த வீட்டில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. அவர் இல்லாமலே இருபது வருஷம் நடந்து பழகிய வீடு அது. ரேஷன் கடை நாள் எது, பால்காரனுக்கு எவ்வளவு பாக்கி, பெரியவன் எந்தக் கணக்கில் தடுமாறுகிறான் என்பதெல்லாம் மனைவிக்குத் தெரியும்; அவர் ஏதாவது சொல்லப் போனால் எல்லோரும் மரியாதையோடு கேட்டுக்கொண்டு, வழக்கம்போலவே செய்துகொண்டிருந்தார்கள். கடை வேலை எப்படி என்று நான் விசாரித்தபோது, "லடாக்கில் நான் போஸ்டை விட்டு அஞ்சு நிமிஷம் நகர்ந்தால், என் இடத்தில் இன்னொருத்தனை நிறுத்திவிட்டுத்தான் நகர வேண்டும் ஐயா. இங்கே நான் வராவிட்டாலும் அந்தக் கண்ணாடிக் கதவு ஆளைக் கண்டால் தானே விலகிக்கொள்கிறது" என்றார்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அபாண்டம். பதினைந்து ஆண்டு சேவித்த சிப்பாய்க்கு ஆயுள் முழுதும் பென்ஷன் உண்டு, மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு, கேன்டீன் உண்டு, 2003 முதல் குடும்பத்தோடு சிகிச்சை பெற மருத்துவத் திட்டம் உண்டு, 1949 தொடங்கி ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடி நாள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்வரை காசு போட்டுக் கொடி குத்திக்கொள்கிறோம். இவற்றை ஏளனம் செய்கிறவன் பென்ஷன் வரும் நாளில் அந்தக் குடும்பங்களின் முகத்தைப் பார்க்காதவன். ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர், பெரும்பாலோர் நாற்பதை ஒட்டிய பிராயத்தில், இப்படித் திரும்பி வருகிறார்கள். 2022-இல் வந்த அக்னிபத் ஏற்பாட்டின்படி சேர்கிறவர்களிலோ நான்கில் மூன்று பங்கினர் நாலே வருஷத்தில், மீசை திருத்தமாக முளைத்த கையோடு, முன்னாள் வீரர்கள் ஆகிவிடுவார்கள். அவர்களுக்கு ஜீவனத்துக்கு வழி செய்வது ராஜாங்கத்தின் பொறுப்பு. எதற்காக ஜீவிப்பது என்ற கேள்விக்கு இலாகா எதுவும் கிடையாது. அது தர்ம விசாரத்தில் சேர்ந்தது.

1758-இல் தோன்றி, இன்று நீலகிரியில் வெல்லிங்டனைத் தாயகமாகக் கொண்டிருக்கும் மதராஸ் ரெஜிமெண்ட், தன் இலட்சிய வாசகத்தைக் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. தனக்குரிய தர்மத்தில் நின்று உயிர் விடுவது சிரேயஸ் என்பது அதன் கருத்து. பொருத்தமான வாசகம் என்பதில் ஐயமில்லை; வில்லைக் கீழே போட்டவனை எழுப்பி நிறுத்துவதற்கென்றே சொல்லப்பட்ட உபதேசமல்லவா? ஆனால் அந்த வாசகத்தை நெஞ்சில் தாங்கியவன், சுவதர்மத்தில் ஒரு குறையும் வைக்காமல் நின்றும், சாகாமல் திரும்பிவிட்டானேயானால், அவனுக்கு அந்த வாசகத்தில் இடம் எங்கே? சுவதர்மம் என்பது உடுப்போடு சேர்த்து ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு வரக்கூடியதா? நம் சாஸ்திரகாரர்கள் வாழ்க்கையை நாலு ஆசிரமங்களாக வகுத்தபோது, கிருகஸ்தன் பேரப்பிள்ளையைக் கண்டபின் வனத்துக்குப் போவான் என்று எண்ணினார்கள். சிப்பாயின் வாழ்விலோ வரிசையே தலைகீழ். கல்யாணம் ஆன மாதத்தில் மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் பனிமலையிலும் காட்டிலும் வானப்பிரஸ்தம் இருந்துவிட்டு, நாற்பது கடந்து நரை தட்டிய பிறகுதான் அவன் கிருகஸ்தாசிரமத்தில் அடியெடுத்து வைக்கிறான். வனத்திலிருந்து வீட்டுக்கு வருகிறவனுக்கு எந்த ஸ்மிருதியும் விதி எழுதவில்லை.

மகாபாரதம் இந்த இடத்தில் ஓரளவு துணை செய்கிறது. பதினெட்டு நாள் யுத்தத்தைச் சொன்ன வியாசர், யுத்தம் முடிந்த பின் நடந்ததற்கு ஒதுக்கிய சாந்தி பர்வம்தான் பதினெட்டுப் பர்வங்களிலும் மிக நீண்டது. வென்ற தருமன் காட்டுக்குப் போகிறேன் என்கிறான். தம்பிமாரும் திரௌபதியும் வாதாடிப் பார்க்கிறார்கள். திரௌபதி கடிந்தே பேசுகிறாள். எவருடைய வாதமும் அவன் துக்கத்தைத் தீர்க்கவில்லை. முடிவில் அவனை அம்புப் படுக்கையில் கிடக்கும் பிதாமகரிடம் அழைத்துப் போய், நீ கேள் என்று உட்கார வைக்கிறார்கள். ஆறுதல் சொன்னவர்களால் ஆகாதது, கேட்கவும் கேட்டபடி நாட்டை நடத்தவும் ஒரு வேலை கிடைத்ததால் ஆயிற்று. இருந்தாலும் தருமன் அரசன். அவனுக்காக அஸ்தினாபுரம் காத்திருந்தது. கலிங்கத்தை வென்ற அசோகனும் அரசன்தான். ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள் என்று கணக்குச் சொல்லித் தன் பச்சாத்தாபத்தைப் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் பொறித்து வைக்க அவனுக்குப் பாறையும் இருந்தது, தச்சனும் இருந்தான். அந்தக் கலிங்கத்தில் அவனுக்காக வாள் பிடித்த மகதத்துக் காலாள் ஊருக்குத் திரும்பி ஏர் பிடித்தானா, பித்துப் பிடித்து அலைந்தானா என்று அந்தக் கல் சொல்வதில்லை.

இங்கேதான் எனக்குச் சேக்கிழார் நினைவுக்கு வருகிறார். கல்கியின் சிவகாமியின் சபதத்தைப் படித்தவர்களுக்குப் பரஞ்சோதியைத் தெரியும். ஆனால் அந்த நாவல் நிற்கிற இடத்துக்கு அப்பால்தான் பெரியபுராணத்துப் பரஞ்சோதியின் வாழ்வு தொடங்குகிறது. திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்தில் பிறந்து, ஆயுர்வேதமும் வடநூற் கலைகளும் கற்று, யானையேற்றம் குதிரையேற்றங்களிலும் படைத்தொழிலிலும் தேர்ந்து, பல்லவனுடைய சேனைக்குத் தலைமை பூண்டு வாதாபியைத் துகளாக்கியவர் அவர். அரசன் முதலாம் நரசிம்மவர்மன் என்றும், காலம் கி.பி. 642 என்றும் சரித்திர ஆசிரியர்கள் கொள்வர். கொண்டுவந்த யானைகளையும் மணிகளையும் பார்த்து அரசன் வியந்து நிற்க, இவர் சிவனடியார், ஆகையால் இவரை எதிர்க்க எவராலும் ஆகாது என்று மந்திரிமார் சொல்கிறார்கள்.

அதைக் கேட்ட அரசன் செய்த காரியத்தை நம் காலத்து ராஜாங்கங்கள் எல்லாம் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அவன் பதறிப் போகிறான். இப்படிப்பட்டவரையா கொடிய போர்முனையில் ஏவிவிட்டேன் என்று நடுங்கி, இந்தப் பிழையைப் பொறுத்தருள வேண்டும் என்று தன்னுடைய தளபதியை வணங்குகிறான். நாம் சிப்பாய்க்குப் பதக்கம் கொடுக்கிறோம், நிலம் கொடுக்கிறோம், சல்யூட் அடிக்கிறோம். உன்னை அங்கே அனுப்பியதற்காகப் பொறுத்துக்கொள் என்று சொன்ன அரசன் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான். பரஞ்சோதியார் அதற்குச் சொன்ன விடையும் கவனிக்கத் தக்கது. எனக்குரிய தொழிலுக்கு அடுத்ததைத்தானே செய்தேன், இதில் என்ன தீங்கு என்கிறார். கீதையின் சுவதர்மம் அங்கே கலப்பற்ற தமிழில் பேசுகிறது. ஆக, ஏவியவன் மன்னிப்புக் கேட்கிறான். ஏவப்பட்டவன் குறையில்லை என்கிறான். இந்த இரண்டு வார்த்தைகளும் பேசி முடிந்த பிறகுதான் அவர் ஊருக்குப் புறப்படுகிறார். இந்த வரிசைக்கு முக்கியத்துவம் உண்டென்று நினைக்கிறேன். பேசாமல் விட்டால் அது பெட்டியோடு கூடவே வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

ஊருக்கு வந்தவர் காவி உடுக்கவில்லை, மடம் தேடவில்லை. திருவெண்காட்டு நங்கையாரோடு இல்லறம் நடத்திக்கொண்டு, நாள்தோறும் அடியார் ஒருவருக்காவது அமுது படைத்த பின்னரே தாம் உண்பது என்ற நியமத்தை மேற்கொண்டார். அடியார்முன் தம்மைச் சிறியவராக்கிக் கொண்டு ஒழுகியதால் சிறுத்தொண்டர் என்ற பெயர் வந்தது. சேனாதிபதி என்ற பட்டத்தின்மேல் கறுப்புப் பூசி, அதன்மேல் சிறியவன் என்று எழுதிக்கொண்ட மனிதர்! அந்த நியமத்தின் நுட்பத்தை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. விருந்தினர் வராவிட்டால் அவருக்குச் சோறில்லை. எனவே யாரும் வராத நாளில் அவரே தெருத் தெருவாகப் போய்த் தேட வேண்டும். தர்மம் செய்கிறவர் என்றால் வீட்டு வாசலில் நின்று வருகிறவனுக்குக் கொடுப்பவர் என்று நாம் எண்ணுகிறோம். இவரோ தம்மிடம் வாங்கிக்கொள்ள ஒருவரைத் தேடி அலைகிறவர். பசி வாங்குகிறவனிடம் இருந்ததைவிட இவரிடம் அதிகமாக இருந்தது. என் தெருக்கோடி ஹவில்தார் நாலரைக்கு எழுந்து ஷூ துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அந்தப் பசி வேறு, இந்தப் பசி வேறு என்று எனக்குத் தோன்றவில்லை. சிப்பாயாக இருந்த காலத்தில் அவன் செய்த தொழிலின் சாரம் கொல்வதில் இல்லை; யாரோ ஒருவருக்காக நிற்பதில் இருந்தது. துப்பாக்கி அதற்கு நிமித்தம். நிமித்தத்தை ஒப்படைத்துவிட்டு வந்தாலும், நிற்கும் சுபாவம் அவனோடேயே வருகிறது. யாருக்காக என்பதுதான் காலியாகிவிடுகிறது.

இவ்வளவு எளிதாக நான் முடித்துவிட்டால் பெரியபுராணம் படித்தவர்கள் என்னை விட மாட்டார்கள். அப்படித் தேடிப்போன ஒரு நாளில்தான் பைரவர் வந்தார். பெண்கள் தனித்திருக்கும் வீட்டில் புகேன் என்று கணபதீச்சரத்து ஆத்தி மரத்தடியில் போய் அமர்ந்தார். தேடிச் சென்ற சிறுத்தொண்டரிடம் எவரும் கேட்கத் துணியாத பிள்ளைக்கறியைக் கேட்டார். பள்ளியிலிருந்து மகன் சீராளனை அழைத்து வந்த பின் நடந்ததை எழுத எனக்குக் கை வருவதில்லை. கடைசியில் பிள்ளை பள்ளிவிட்டு ஓடிவருகிறவன்போல் வந்தான் என்று தெரிந்தும், சைவப் பெரியோர்கள் அதற்குச் சொல்லும் தத்துவார்த்தங்களைக் கேட்டும், அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம். உத்தரவு என்றால் மறுக்காமல் நிறைவேற்றிப் பழகிய கை அது. இலையின்முன் குனிந்து பரிமாறியபோதும் அது சேனாதிபதியின் கையாகவே இருந்தது. பக்தியின் எல்லையைக் காட்டச் சேக்கிழார் அந்தக் கதையைச் சொன்னார். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. மறுக்கக் கற்பிக்கப்படாத மனிதனிடம் எதைக் கேட்கிறோம் என்பதில் கேட்கிறவனுக்கே பாரம் அதிகம். வந்தவர் ஈசுவரன், கேட்டதைத் திருப்பிக் கொடுக்கவும் அவரால் முடிந்தது. நம்மில் சிலர் ஓய்வு பெற்ற சிப்பாயைத் தேடிப்போவது, வட்டிக்குக் கொடுத்த பணத்தை மிரட்டி வாங்கவும், வேலித் தகராறில் முன்னே நிறுத்தவும், ஊர்வலத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கவுந்தான். அவனும், யாரோ கேட்கிறார்களே என்று போய்விடுகிறான்.

தொல்காப்பியர் இறந்த வீரனுக்கு நடுகல் எடுக்கும் முறையை, கல்லைத் தேடிக் காண்பது முதல் வாழ்த்துவது வரையில், ஆறு துறைகளாக வகுத்திருக்கிறார். செங்கத்துப் பக்கம் வயல்வரப்புகளில் சாய்ந்து நிற்கும் பல்லவர் காலத்துக் கற்களைப் பார்க்கும்போது, போனவனுக்குச் செய்ய வேண்டியதை இந்தச் சமூகம் எவ்வளவு சிரத்தையோடு செய்திருக்கிறது என்று மனம் நெகிழும். மீண்டவனுக்கு அப்படி ஒரு சடங்கு உண்டா என்று தேடினால், வாகைத் திணைதான் கிடைக்கிறது. அதிலே ஒரு விசேஷம்: வாகை என்றால் போர் வெற்றி என்று நாம் பழகிப் பேசினாலும், தொல்காப்பியர் அந்தணரையும் வணிகரையும் உழவரையும் தவம் செய்வாரையும் அந்தத் திணைக்குள்ளேயே உட்கார வைக்கிறார், அவரவர் தம் கூற்றில் மேம்படுவது எதுவோ அதுவெல்லாம் வாகை. போர்க்களத்துப் பூவைச் சூடியவன் ஏர்க்காலிலும் அதே பூவைச் சூடலாம் என்பது இலக்கணம் கொடுத்த அனுமதி. மற்றொன்றும் சொல்கிறார். புறத்திணை ஒவ்வொன்றுக்கும் அகத்திணை ஒன்றை இணையாக வைக்கும்போது, வாகைக்கு அவர் வைத்தது கூடலாகிய குறிஞ்சியையோ இருத்தலாகிய முல்லையையோ அன்று; பிரிவாகிய பாலையை. உரைகாரர்கள் இதற்குப் பல காரணம் சொல்வார்கள். என் தெருக்கோடி வீட்டைப் பார்த்த பிறகு எனக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை.

நகைக்கடை வேலையை அவர் போன வருஷம் விட்டுவிட்டார். எப்படித் தொடங்கியது என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு கிழவி, இறந்துபோன தன் புருஷனின் டிஸ்சார்ஜ் புத்தகத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். முனியம்மாள் என்ற அவள் பெயரை அந்தக் காலத்து வடநாட்டுக் கிளார்க் எவனோ காதில் விழுந்தபடி வேறு எதுவாகவோ எழுதிவிட்டான். ஆதாரில் ஒரு பெயர், புத்தகத்தில் ஒரு பெயர். ஆகையால் குடும்பப் பென்ஷன் நின்றுபோயிற்று. இவர் நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி, நல அலுவலகத்தில் முத்திரை வைத்து, வெல்லிங்டனில் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி, பதில் வராமல் மறுபடியும் எழுதி, ஒன்பது மாதத்தில் அதை முடித்தார். அதற்குள் அவளைப் போல் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். இப்போது செவ்வாயும் வெள்ளியும் காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் இடம் இருக்காது.

போன வெள்ளிக்கிழமை நான் போயிருந்தபோது கூடத்தில் டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. புளி மூட்டை வேறெங்கோ போய்விட்டது. உள்ளே நூல் கட்டிய காகிதக் கட்டுகள். மூடியில் எழுத்து பழைய எழுத்துத்தான், ஹவில்தார் என்றே இருந்தது. வழக்கமாக என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறவர் அன்று எழவில்லை. "கொஞ்சம் உட்காருங்கள் ஐயா, இந்த அம்மாவை முடித்து அனுப்பிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு விண்ணப்பப் பாரத்தின்மேல் குனிந்துகொண்டார். எதிரே இருந்தவள் எழுபது வயதுக்குக் குறையாதவள். கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்டார்.

"அது என்னா தம்பி தெரியும், பெரிய மழை பெஞ்ச வருஷம்" என்றாள்.

மூத்த பிள்ளைக்கு என்ன வயது என்றதற்கு விரல் மடக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கையெழுத்துப் போடவும் அவளுக்குத் தெரியாது. மைப்பெட்டி பக்கத்தில் தயாராக இருந்தது.

"அவர் ரெஜிமெண்ட் நம்பர் எதிலாவது எழுதி வெச்சிருக்கீங்களா அம்மா?"

அவள் பையைத் துழாவவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தி, ஒவ்வோர் எண்ணாக, இங்கிலீஷில், மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.